எட்டு நிமிட நோயாளி

சுங்கை தெராப்பில் எனக்கு இரண்டு வேலை.
வாரநாளில் செம்பனை ஆலை நிறுவையில் சீட்டு எழுதுவேன்:
லாரி எண், மொத்த எடை, கழிவு, மீதி.
தேர்வு மாதத்துச் சனிக்கிழமைகளில்
மருத்துவக் கல்லூரிக்கு நோயாளியாகப் போவேன்.
எண்பது வெள்ளி. ஒரு பொட்டலம் நாசி லெமாக்.

பத்து வருடத்தில் எனக்கு வந்த நோய்களைச் சொன்னால் சிரிப்பீர்கள்.
ஆறு முறை மாரடைப்பு.
நான்கு முறை குடல்வால்.
ஒருமுறை பனிச்சறுக்கில் விழுந்து முட்டி போயிற்று.
தாளில் அப்படித்தான் இருந்தது.
எந்த ஊர்த் தாளோ,
பனியை மட்டும் அடிக்க மறந்துவிட்டார்கள்.

கேட்டால் சொல். கேட்காவிட்டால் சொல்லாதே.
அவ்வளவுதான் பயிற்சி.
மணி அடிக்கும், கதவு திறக்கும், வெள்ளைக் கோட்டு நுழையும்.
மூன்றாவது நிமிடத்தில்
"உங்கள் கஷ்டம் எனக்குப் புரிகிறது" என்பார்கள்.
அதற்கு ஒரு மதிப்பெண்.

கட்டிலில் காலை நீட்டுவேன்.
இடது பெருவிரல் இருந்த இடத்தில்
காலுறை சுருங்கிக் கிடக்கும்.
விரல் போய் மூன்று வருடம்.
ஒருவரும் கேட்டதில்லை.
தாளில் எனக்குப் பத்து விரல்.

போன மார்ச்சில் டாக்டர் ஹலிமாத்தோன்
எங்கள் பதினொரு பேரையும் உட்காரவைத்தார்.
பாடத்திட்டத்தை மாற்றப் போகிறோம் என்றார்.
நாங்கள் சொல்லித்தருகிற நோய் வேறு,
வாசலில் வரிசை நிற்கிற நோய் வேறு என்றார்.
பிறகு வெள்ளைத் தாள் கொடுத்தார்.
இந்தமுறை நீங்களே எழுதுங்கள்.

யாரும் பேனாவைத் தொடவில்லை.
காளான் பண்ணை ஷொஹாக்தான் முதலில்,
கிளினிக்கில் எனக்கு வேறு கட்டணம்,
அதை நோய் என்று எழுதலாமா என்று கேட்டான்.
மருந்தடிக்கிற அஞ்சம்மா
தன் நகங்களைத் தாளின் மேல் வைத்து
அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் எழுதினேன்:
பெயர் தவமணி. வயது ஐம்பத்திரண்டு. இனிப்புநீர்.
ஊசிமருந்தைக் குளிர்ப்பெட்டியில் வைக்கச் சொன்னார்கள்.
குளிர்ப்பெட்டி செத்து ஐந்து வருடம்.
எங்கே வைக்கிறாய் என்று கேட்டால் சொல்:
மீன்கார ஆ ஹோக்கின் ஐஸ் பெட்டியில்,
கெம்புங் மீனுக்கு அடியில், நெகிழிப் பையில் சுற்றி.

மூன்று பக்கம்.
குழு கூடிப் பார்த்துத் தட்டச்சாகி வந்தபோது
அரைப் பக்கம்.
இனிப்புநீர் இருந்தது.
ஆ ஹோக் இல்லை. மீன் இல்லை.
ஓரத்தில் யாரோ பென்சிலால்:
தேர்வுக்குத் தேவையற்ற விவரம்.

சனிக்கிழமை. ஏழாவது அறை.
சட்டைக் காலர் ஒருபக்கம் மடங்கிய பையன்,
பெயர்ப்பட்டையில் ஓங் ஜியா வென்.
உடைந்த மலாயில் கேட்கவேண்டியதெல்லாம் கேட்டான்.
கஷ்டம் புரிகிறது என்று சொல்ல மறந்தான்,
ஒரு மதிப்பெண் போயிற்று.
ஆறாவது நிமிடத்தில், பட்டியலில் இல்லாமல்,
"மக்சிக், ஊசியை எங்கே வைப்பீர்கள்?"

பரீட்சகர் பேனாவைத் தூக்கினார்.
எனக்குத் தாளில் பதில் இல்லை.
சொன்னேன்.
மீன்வரைக்கும் சொன்னேன்.
மணி அடித்தது.

செவ்வாய்ச் சந்தையில் ஆ ஹோக் கூப்பிட்டான்.
கோட்டு இல்லாமல் ஒரு பையன் வந்தானாம்.
ஐஸுக்குள் வெப்பமானியை நட்டு
பத்து நிமிடம் நின்றானாம்.
அரைக் கிலோ கெம்புங் வாங்கினானாம்.
அக்காவிடம் சொல்லுங்கள்,
இங்கே மருந்து உறைகிறது.
உறைந்தால் அது வேலை செய்யாது.

எத்தனை நாள் வெறும் தண்ணீரைக்
குத்திக்கொண்டேனோ.

மறுநாள் ஆலை வாசலில் முதல் லாரி ஏறியது.
தட்டு அதிர்ந்து அடங்கும்வரை காத்திருந்தேன்.
மொத்தம் எழுதினேன்.
கழிவு எழுதினேன்.
மீதி எழுதுமுன்
டிரைவர் இரண்டு தடவை ஹாரன் அடித்தான்.